பிழையில்லாத நாட்கள்

எங்கள் கதிர்வீச்சுப் பிரிவுக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு கரும்பலகை தொங்கும். மேலே வெள்ளைப் பெயிண்டில் ‘பிழையில்லாத நாட்கள்’ என்று எழுதியிருக்கும். அதன் கீழே சாக்பீசில் ஓர் எண். தினமும் காலை ஏழு மணிக்கு பில்கோனா வந்து, பழைய எண்ணை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, ஒன்று கூட்டி எழுதுவாள். நான் சொல்லப்போகும் வியாழக்கிழமை அது ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாக இருந்தது.

எனக்கு அந்த எண்மேல் என்றைக்கும் நம்பிக்கை கிடையாது. மூன்று வருஷமாக எழுபது பேரைத் தினமும் படுக்க வைத்து எழுப்புகிற இடத்தில் ஒரு பிழைகூட இல்லையாம். என் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் குழம்பில் உப்புக் கூடிப்போகிறது. நான் பதிவேட்டு அறைக்காரன். எல்லோரும் என்னை ‘ரெக்கார்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிவில் ‘பிழைப் புத்தகம்’ என்று ஒன்று இருந்தது, பச்சை அட்டை போட்டது. தலைவர் வசோங்காவின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுவது நான்தான். உள்ளே ஒரு எழுத்து கிடையாது.

இருக்கிறது ஒரே மெஷின். நோயாளிகள் ஏரித் தீவுகளிலிருந்து படகில் வருவார்கள், மலைப்பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார்கள். நாலரை மணிக்குக் கடைசி ஆள் எழுந்து போனதும் மெஷினை ஓட்டுகிறவர்கள் மேசையில் பால் டீ பிளாஸ்க்கை வைத்து, மந்தாசி ரொட்டியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு, அன்றைய பைல்களைக் குவிப்பார்கள். ஒவ்வொரு பைலிலும் இரண்டு கட்டம் உண்டு. ஒருவர் செய்தது, இன்னொருவர் அதைச் சரிபார்த்தது. பார்க்க வேண்டியது காலையில், நோயாளி படுத்திருக்கும்போது. எங்களிடம் அது டீ நேரத்துக் காரியமாகிவிட்டது. ஒருத்தி கையெழுத்துப் போட்டுத் தள்ளுவாள், மற்றவள் சாவு வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று பேசிக்கொண்டே இரண்டாவது கட்டத்தில் கிறுக்குவாள். டீ வட்டம் பதிந்த பைல்களைச் சுமந்துபோய் அடுக்கியவன் நான். ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த மேசையின் இரண்டு முக்கியமான ஆட்கள் டோர்சிலாவும் பில்கோனாவும். ஏழு வருஷம் ஒரே ஷிப்ட். குடியிருந்ததும் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த இரண்டு பாதிகளில்தான். அதே முற்றத்தில் மூன்றாவது கதவு என்னுடையது. டோர்சிலாவின் புருஷன் மொம்பாசாவில் கப்பல் பட்டறையில் இருந்தான், கிறிஸ்துமஸுக்கு மட்டும் தலைகாட்டுவான். மகள் ஹாஸ்டலில். பில்கோனாவின் புருஷனை ஏரி கொண்டுபோய்விட்டது. மூன்று பிள்ளைகள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கரி அடுப்பு, நடு முற்றத்தில். ஒருத்தி சோளமாவில் உகாலிக் களி கிண்டினால் மற்றவள் மீனைப் பார்த்துக்கொள்வாள். பில்கோனா அவளை ‘நியார் அலேகோ’ என்றுதான் கூப்பிடுவாள். அலேகோ ஊர்ப் பெண்ணே என்று அர்த்தம். எங்களில் பிறந்த ஊரைச் சொல்லி ஒரு பெண்ணைக் கூப்பிட்டால் அதில் மரியாதையும் இருக்கும், செல்லமும் இருக்கும்.

டோர்சிலா கெட்டிக்காரி. நாக்குதான் கொஞ்சம் நீளம். நோயாளியின் உடம்பில் போடுகிற அடையாளங்களை வைத்துத்தான் கதிர் எங்கே போக வேண்டும் என்று பார்ப்பது. முன்பெல்லாம் ஊசியால் பச்சைப் புள்ளி குத்துவோம். அந்த மை தீர்ந்து எட்டு மாதமாகிவிட்டது. வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தைத் தீக்குச்சியில் தொட்டுச் சிலுவைக்குறி போட்டு அனுப்பினோம். குளித்தால் போய்விடும். குறி இல்லாமல் வருகிறவர்களை டோர்சிலா எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்குவாள். அந்த வியாழக்கிழமைக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு கிழவியை, “உங்க அழகுக்குத் தினமும் குளியல் வேற கேக்குதா? போங்க, திங்கக்கிழமை வந்து மறுபடி வரிசையில நில்லுங்க” என்று திருப்பி அனுப்பினாள். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்போது பெஞ்சுக் கடைசியில் உட்கார்ந்திருந்தவள் மின் ஒகெல்லோ. அப்படியென்றால் ஒகெல்லோவின் அம்மா. ம்ஃபங்கானோ தீவில் ஒமேனா மீன் காயவைத்து விற்பவள். கருப்பை வாயில் கட்டி. இருபத்தைந்து நாள் கதிர் என்று எழுதியிருந்தார்கள். ஊருக்குள் தங்கை மகள் வீட்டில் ஒரு மூலையில் தங்கியிருந்தாள். பேசவே மாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போவாள்.

அந்த வியாழக்கிழமை அவளுக்குப் பதினாலாம் நாள். படுக்க வைத்துத் துணியை விலக்கிய டோர்சிலா அப்படியே நின்றுவிட்டாள். ஊதா நிறத்துக்குக் கீழே நீலம் தெரிந்தது. ஸ்கேல் எடுத்து இடுப்பெலும்பிலிருந்து அளந்தாள். மறுபடி அளந்தாள். குறி மூன்று சென்டிமீட்டர் மேலே ஏறியிருந்தது. அன்றைக்குக் கதிரைக் கொடுக்காமல் அவளை எழுப்பி, என் அறைக்குக் கூட்டி வந்துவிட்டாள். அங்கேதான் ஆள் நடமாட்டம் இருக்காது.

“இதை யாரும்மா வரைஞ்சது?”

“நீங்கதான் சிஸ்டர்.”

“நாங்க நீலத்துல போடறதில்லம்மா. சொல்லுங்க.”

மின் ஒகெல்லோ என்னைப் பார்த்தாள். நான் பைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

“குளிச்சிட்டேன் சிஸ்டர். முதல் வாரம் முடிஞ்சு சனிக்கிழமை. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த பொண்ணு மூக்கைப் பொத்திக்கிட்டா. மீன் விக்கிறவ நான், எனக்கே என் நாத்தம் தெரியும். ஒரு சொம்பு தண்ணிதான் ஊத்தினேன். அழிஞ்சு போச்சு.”

“அப்புறம்?”

“புள்ளைங்க பள்ளிக்கூடப் பேனா இருந்துச்சு. உக்காந்து குனிஞ்சு பாத்து, இருந்த எடத்துலயேதான் போட்டேன் சிஸ்டர். இடுப்புக்கு ரெண்டு பக்கமும் இருக்கறதைத் தங்கச்சி மக போட்டா. அப்புறம் வேர்வைக்கு அழிய அழிய, தினமும் சாயங்காலம் போட்டுக்கிட்டே இருந்தேன். மேல நீங்க ஊதா தடவிட்டீங்க.”

உட்கார்ந்து குனிந்தால் வயிற்றுத் தோல் மடியும். அப்படி வரைந்த குறி படுத்ததும் மேலே போய்விடும். இது டோர்சிலாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தீவில் மீன் காயவைக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

“அழிஞ்சதும் என்கிட்ட வந்து சொல்றதுக்கென்ன?”

“உங்களுக்குப் பயந்துதான் சிஸ்டர்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். மழை வரும் என்று சொல்கிற மாதிரி.

“அந்தப் பாட்டியை அனுப்பிட்டீங்கல்ல. அது திங்கக்கிழமை வரல. அடுத்த திங்கக்கிழமையும் வரல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு அவ்வளவு தூரம் திரும்பி வர்றதுக்குத் தெம்பு இல்ல.”

டோர்சிலா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தம்மா கேட்டாள்: “எனக்கு வச்ச கரண்ட்டெல்லாம் வீணாப் போச்சா சிஸ்டர்?”

“தெரியலம்மா. கண்டுபிடிக்கிறேன்.”

கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் படுக்கையிலேயே எலும்பு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, குறி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பத்து நிமிஷம் ஆகும். டோர்சிலா பைலைத் திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டாவது திங்கள்: படம் எடுத்தாயிற்று, சரி. முதல் கட்டத்தில் பில்கோனா, இரண்டாவதில் டோர்சிலா. மூன்றாவது திங்கள்: அதேதான். பக்கத்தில் டீ வட்டம்.

படமே எடுக்கவில்லை. இரண்டாவது திங்கள் மதியம் வரை கரண்ட் இல்லை, பிறகு கூட்டம் தாங்கவில்லை. மூன்றாவது திங்கள் கூட்டம் அதைவிட அதிகம். ஒரு ஆளுக்கு மட்டுமல்ல, அந்த இரண்டு திங்களும் யாருக்குமே எடுக்கவில்லை. எல்லோருக்கும் கையெழுத்து மட்டும் இருந்தது.

வசோங்கா கெட்ட மனிதர் இல்லை. இரண்டாவது மெஷினுக்காக நாலு வருஷம் நைரோபிக்கு நடையாய் நடந்தவர். இரண்டு வாரத்தில் அங்கிருந்து அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. வந்ததும் அந்தக் கரும்பலகைக்கு முன்னால்தான் அவர்களை நிறுத்துவார். பைலோடு போன டோர்சிலாவிடம் கதவைச் சாத்தக்கூட மறந்து பேசினார்.

“அந்தம்மா தானே வரைஞ்சிக்கிட்டாங்க. அதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லிடலாம். நான் தடுக்கல. அது நம்ம பிழை ஆகாது, புத்தகத்துலயும் ஏற வேண்டாம்.”

“திங்கக்கிழமைப் படம் சார்?”

“அதை ஏன் இழுக்கறீங்க?”

“போன திங்கக்கிழமை பாத்தோம், சரியா இருந்துச்சுன்னு எங்க கையெழுத்து சொல்லுது. டாக்டர் அதை நம்பித்தான் கணக்குப் போடுவாரு. செவ்வாய், புதன், ரெண்டு நாள்தான் தப்பிப்போச்சு, ரெண்டு நாள் கூட்டினாப் போதும்பாரு. தப்பிப்போனது எட்டு நாள் சார். மிச்சம் ஆறு நாளுக்கு அந்தக் கட்டிக்கு யார் பதில் சொல்றது?”

வசோங்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டோர்சிலா, ஒரு அம்மாவுக்காகப் பேசறீங்க. ரெண்டாவது மெஷின் வரலைன்னா வருஷத்துக்கு எத்தனை பேர் வரிசையிலயே செத்துப்போவாங்கன்னு யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன் சார். பதில் தெரியல. ஆனா அந்தம்மா எனக்குப் பயந்து மறைச்சுது. இப்ப நான் உங்களுக்குப் பயந்து மறைக்கணும்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நாளைக்குப் பேசலாம் என்று அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் ஏரிப்பக்கமிருந்து வழக்கமான மழை வந்து ஓய்ந்தது. முற்றத்துச் சேற்றில் செங்கல் போட்டு அதன்மேல் அடுப்பை ஏற்றியிருந்தார்கள். டோர்சிலா உகாலி கிண்டிக்கொண்டிருந்தாள். பில்கோனா கீரை நறுக்கினாள். என் ஜன்னல் திறந்திருந்தது. கேட்கக்கூடாது என்று நினைக்கவேயில்லை, கேட்டேன்.

“நியார் அலேகோ, குளிச்சது யாரு? அந்தம்மா. வரைஞ்சது யாரு? அந்தம்மா. இதுல நாம எங்க வர்றோம்?”

“திங்கக்கிழமை வர்றோம்.”

“அன்னிக்குக் கரண்ட் இல்ல.”

“கரண்ட் இல்லன்னு எழுதலையே. பாத்தாச்சுன்னு எழுதியிருக்கோம்.”

“எல்லாருக்கும்தான் எழுதினோம்.”

“அப்ப எல்லாரையும் மறுபடி பாக்கணும்.”

கத்தி பலகையில் வேகமாக ஓடியது. “உனக்கென்னம்மா, நீ பர்மனென்ட்டு. கத்துவாங்க, விட்டுடுவாங்க. எனக்கு இந்த மாசக் கடைசியில ரெண்டு வருஷத்துக்கு வேலையை நீட்டி லெட்டர் வரணும். வரலைன்னா இந்த மூணையும் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? மாமியார் வீட்டுக்கா? அவ என்னை ஆடு மேய்க்கக்கூடச் சேக்க மாட்டா.”

“தப்பு என்னோடதுதான்னு எழுதறேன்.”

“ரெண்டு கட்டம் இருக்கே! முதல் கட்டத்துல எம்பேரு கொட்டை எழுத்துல இருக்கே, அதை எதைப் போட்டு மூடுவ?”

டோர்சிலா கிண்டுவதை நிறுத்திவிட்டாள்.

“எம்புருஷன் போனப்போ,” என்றாள் பில்கோனா, குரல் இறங்கிவிட்டது, “உடம்பு கெடைக்கிற வரைக்கும் மூணு நாள் என்கூடவே கரையில உக்காந்திருந்தவ நீ. எங்க அக்கா தங்கச்சிகூட உக்காரல. அந்த உரிமையில கேக்கறேன். இந்த ஒரு தடவை விட்டுடு.”

“உகாலி அடிப்பிடிக்குது,” என்றாள் டோர்சிலா. பில்கோனா எழுந்து, நறுக்கிய கீரையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டோர்சிலா அந்தக் கருகிய உகாலியை எதிரில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே போய் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னாலேயே அவள் வசோங்காவின் அறைக்குள் போய்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் நிறைய எழுதினாள். நோயாளியைப் பயமுறுத்தியது நான், அதனால் மறைத்தார், என்று அதில் முதல் வரி. படம் எடுக்காமல் கையெழுத்திட்டது இரண்டாவது வரி. பில்கோனாவின் பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டால் தெரியாதா என்ன? பிறகு கூடத்துக்கு வந்து கரும்பலகையைத் துடைத்துச் சுழியம் போட்டாள். எண்ணை எழுத சாக்பீசோடு வந்த பில்கோனா பின்னால் நின்று பார்த்தாள். சாக்பீசை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

“சிஸ்டர் டோர்சிலா,” என்றாள், “முதல் பேஷன்ட் வந்தாச்சு.”

ஏழு வருஷத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அடித்திருந்தால்கூட டோர்சிலா அப்படி முகம் வெளுத்திருக்க மாட்டாள்.

மின் ஒகெல்லோவுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்துப் புதிதாகக் கணக்குப் போட்டார்கள். டாக்டர் ஏழு நாள் கூட்டினார். அந்த இரண்டு திங்கட்கிழமைக்காரர்கள் எல்லோருக்கும் படம் எடுத்துப் பார்த்ததில் இன்னும் மூன்று பேருக்குக் குறி நகர்ந்திருந்தது தெரிந்தது. அவர்களும் வீட்டில் வரைந்துகொண்டவர்கள்தான். அந்தப் பாட்டியைத் தேடி டோர்சிலா ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனாள். மறு வாரம் பாட்டியின் பைலை நான்தான் இறந்தவர்களின் பைல் வைக்கிற ‘முடிந்தவை’ அடுக்குக்கு மாற்றினேன்.

நைரோபிக்காரர்கள் வந்தார்கள். பலகையில் பதினொன்று என்று இருந்தது. புத்தகத்தைப் படித்தார்கள், தலையாட்டினார்கள், கோழி சாப்பிட்டார்கள், போனார்கள். இரண்டாவது மெஷின் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே மந்திரியின் ஊர் இருந்தது என்பது வேறு விஷயம். எங்கள் பிரிவில் எல்லோரும் டோர்சிலா துரத்திய மெஷின் என்றார்கள். பில்கோனாவுக்கு லெட்டர் ஆறு மாதத்துக்குத்தான் வந்தது.

டோர்சிலாவிடம் யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. நாலரை மணிக்கு மேசையில் டீ இருக்கும், அவள் கோப்பையும் இருக்கும். அவள் வந்து உட்கார்ந்ததும் ஒருத்திக்குப் போன் வரும், ஒருத்திக்குப் பஸ் வரும். இப்போது பைல்களைக் காலையிலேயே, நோயாளி படுத்திருக்கும்போதே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அவள்மேல் பயம், வேறென்ன? ஆகவே சாயங்காலம் மேசையில் பைலும் இல்லை, ஆளும் இல்லை. அவள் ஒருத்தி உட்கார்ந்து முழு பிளாஸ்க்கையும் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் என் கோப்பையை எடுத்துக்கொண்டு பதிவேட்டு அறைக்குப் போய்விடுவேன். எனக்கு அவள்மேல் கோபமே இல்லை. மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்றுதான். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

முற்றத்தில் பில்கோனா புதிதாக ஒரு அடுப்பு வாங்கித் தன் கதவோரம் வைத்துக்கொண்டாள். கதிர் எல்லாம் முடிந்து ஊருக்குப் போன மின் ஒகெல்லோ மூன்றாம் மாதம் பரிசோதனைக்கு வந்தபோது, கட்டி சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஒரு கூடை ஒமேனாவை டோர்சிலாவின் கையில் திணித்துவிட்டு, “இப்ப தினமும் குளிக்கறேன் சிஸ்டர்” என்று சிரித்தாள். டோர்சிலா அதில் பாதியைத் தக்காளி போட்டு வதக்கி, தட்டில் மூடி, பில்கோனாவின் வாசலில் வைத்தாள். காலையில் தட்டு அங்கேயே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. டோர்சிலா அதைச் சேற்றில் கொட்டிக் கழுவுவதைப் பார்த்தேன். நெடுநேரம் கழுவினாள்.

இப்போதெல்லாம் பலகையில் எண் எழுதுவதும் டோர்சிலாதான். குறி அழிந்து வருகிறவர்களுக்கு ஜன்னலோரம் தனி நாற்காலி போட்டாள். “அழிஞ்சிடுச்சாம்மா? நல்லதாப் போச்சு, சொன்னீங்களே” என்பாள். அந்த நாக்கிலிருந்து அப்படி வரும் என்று யார் நினைத்தார்கள்?

ஆறாவது மாதம் ஒரு புதன்கிழமை. பலகையில் நூற்று எண்பது. நாலரை மணிக்கு அவள் வழக்கம்போலத் தனியாக மேசையில் இருந்தாள். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தபோது பில்கோனா உள்ளே வந்தாள். கையில் பச்சை அட்டைப் புத்தகம். உள்ளங்கை முழுக்கச் சாக்பீஸ் தூள். கூடத்தை எட்டிப் பார்த்தேன், பலகையில் சுழியம் இருந்தது.

நின்றுகொண்டே படபடவென்று சொன்னாள்: “காலையில அச்சியெங்னு ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்திக்கு மார்பு, ஒருத்திக்கு இடுப்பு. நான் மாத்திப் பைலைத் தொறந்துட்டேன். கதிர் போகல. வெரல் பட்டன்மேல இருந்துச்சு, அப்பத்தான் வயசைப் பாத்தேன். கூட இருந்தவ போன்ல இருந்தா. யாரும் பாக்கல.”

டோர்சிலா அவளையே பார்த்தாள். பில்கோனாவின் அடுத்த லெட்டர் அந்த மாதக் கடைசியில் வர வேண்டியிருந்தது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

“கோபம் இன்னும் போகல எனக்கு,” என்றாள் பில்கோனா.

“தெரியும்.”

“போகாது.”

“சரி.”

பில்கோனா புத்தகத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள். அவள் எழுத்து அரைப் பக்கம் இருந்தது. கீழே இரண்டு கட்டம். முதலாவதில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

“நியார் அலேகோ,” என்றாள். “கையெழுத்துப் போடு. பாத்துட்டுப் போடு.”

டோர்சிலா பேனாவைத் தொடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“ரெக்கார்டு, அந்த ரெண்டு அச்சியெங் பைலையும் கொண்டாங்க.”

நான் கோப்பையை அந்த மேசையிலேயே வைத்துவிட்டு ஓடினேன்.